ஊதாப் பொட்டு

"எம் பெட்டிய யாரு தொட்டா?"

மண்டபத்துல ஓடிக்கிட்டிருந்த பேச்சு அப்படியே நின்னு போச்சு. கெசியா கேட்டா அப்படித்தான். காலேஜ்ல மெக்கானிக்கல் மூணாவது வருசம் படிக்குதா. வாத்தியார்மாரே அவகிட்ட வாயக் குடுக்க யோசிப்பாங்க.

டீ குடிச்சிட்டு வந்த கால் மணி நேரத்துல பெட்டி நாலு விரக்கடை நகந்திருக்கு. மூணரை அடி நீளத்துல ஒரு திருச்செந்தூர் பாசஞ்சர் பெட்டி. பிளைவுட்ட அறுத்து, தகரத்த ராவி, ஜன்னல் கம்பிய ஒவ்வொண்ணா வளைச்சு, எட்டு மாசமா அவளே செஞ்சது. சக்கரம்கூட காலேஜ் லேத்துல அவ கடைஞ்சதுதான். எது எந்த அச்சுக்குன்னு மாறிடக்கூடாதுன்னு சக்கரத்துக்கு உள்பக்கமா ஊதா நகப்பாலிஷ்ல ஒண்ணு, ரெண்டுன்னு பொட்டு வச்சிருந்தா.

"கொம்பையா அண்ணாச்சி மடியில கவுத்துப் போட்டு என்னமோ பண்ணிக்கிட்டிருந்தாவ," ன்னா கூட வந்த டார்லின்.

கொம்பையா முக்கூடல்ல லேத் பட்டறை வச்சிருக்காரு. பக்கத்து மேசையில அவரு செஞ்ச பெட்டி. இந்த ரயில் பெட்டி செய்யுத போட்டியில மூணு வருசமா ரெண்டாவது பரிசு வாங்குதவரு.

"என்ன அண்ணாச்சி, கையெல்லாம் கிரீசு?"

"ஓரத்துல இருந்துச்சு தாயி. பைய நகட்டி வச்சேன்."

"நகட்டுனா கிரீசு எப்படி ஒட்டும்? ஸ்குரூ தலையில புதுசாக் கீறல் இருக்கு. எல்லாரு பெட்டிக்கும் ஒரே அளவு அச்சு. நாலு ஸ்குரூவக் கழத்துனா சக்கரம் கையோட வந்துரும். உங்களுக்குத் தெரியாததா?"

"ஓட்டிப் பாரு. ஓடலைன்னா அப்பொறம் ஏசு."

"ஓடக் கூடாதுன்னுதான கைய வச்சீய? இன்னைக்கு மொதல்ல வாற காலேஜ் பிள்ளைக்கு, சென்னையில ரயில் பெட்டி செய்யுத எடத்துல ஆறு மாசம் பயிற்சி. அது எனக்குக் கெடைச்சா உங்களுக்கு எங்கன வலிக்கி?"

"தெரியும் தாயி. காலையில போன்ல உங்க அம்மாட்ட சொல்லிக்கிட்டிருந்த."

"ஓ, ஒட்டு வேற கேட்டீயளா?"

நடுவரா வந்திருந்த தேவசிகாமணி சார் கண்ணாடியத் தூக்கி விட்டுக்கிட்டு வந்தாரு. ரயில்வேயில இருந்து ரிட்டயர்டு ஆனவரு.

"ஏம்மா, புகார்னா எழுதிக் குடு. இல்லைன்னா வரிசையில நில்லு."

"எழுதித் தாறேன் சார். விதி என்ன? சக்கரத்துல இருந்து கூரை வரைக்கும் சொந்தமாச் செஞ்சிருக்கணும். அடுத்தவங்க சாமான் ஒண்ணு உள்ள இருந்தாலும் பெட்டி வெளிய. அடுத்தவங்க பெட்டியில கைய வச்சா அவங்களும் வெளிய. தூக்குவீயளா சார்?"

"ஓட்டம் முடியட்டும். ஒரேயடியா எழுதிருவோம்."

மண்டபம் பூரா தண்டவாளம் வளைஞ்சு கெடந்துச்சு. பெட்டிக்குள்ள மூணு கிலோ மணல் மூட்டை. எஞ்சின் இழுக்க, மூணு சுத்து கவுறாம வரணும். ஒரு எடத்துல தண்டவாளம் ரெண்டாப் பிரியும். பாதிப் பெட்டி அங்கனதான் பல்ல இளிக்கும்.

மத்ததெல்லாம் ஓடி முடிஞ்சு கடைசியில ரெண்டு பேரு பெட்டிதான் பாக்கி. மொதல்ல கெசியா பெட்டி. பிரியுத எடத்துல ஒரு குலுக்கல் இல்ல. மூணு சுத்தும் வெண்ணெயா ஓடுச்சு.

டார்லின் கை தட்டுனா. கெசியா கொம்பையாவத்தான் பாத்தா.

"கைய வச்சும் ஒண்ணும் நடக்கல, பாத்தீயளா?"

அவரு காதச் சொறிஞ்சுக்கிட்டே தன் பெட்டியத் தூக்கப் போயிட்டாரு.

அவரு பெட்டி ஒரு சுத்துகூட முழுசாச் சுத்தல. பிரியுத எடத்துல சக்கரம் ஏறுச்சு. பெட்டி மல்லாந்துட்டு. ரெண்டு ஜன்னல் பேந்து போச்சு.

கெசியா பையில இருந்து அளவெடுக்குத வெர்னியர எடுத்துக்கிட்டு முன்னால போனா. தப்பு எங்கனன்னு நாலு பேரு முன்னால அளந்து சொல்லலைன்னா அவளுக்குச் சோறு எறங்காது. குனிஞ்சு, ஒரு ஜோடிச் சக்கரத்துக்கு நடுவுல வெர்னியரச் சொருகுனா.

"ரெண்டு மில்லிமீட்டர் கொறச்சல்," ன்னா மண்டபத்துக்கே கேக்க. "நேர்ல ஓடும், பிரியுத எடத்துல கவுத்துரும். மொத வருசப் பிள்ளைகூட இப்படிக் கடையாது. இந்தச் சக்கரத்தக் கடைஞ்ச ஆளுக்கு லேத்துப் பக்கம் போகவே லாயக்கு கெடையாது."

ரெண்டு மூணு பேரு சிரிச்சாங்க. கொம்பையா பேந்த ஜன்னலப் பொறுக்கிக்கிட்டிருந்தாரு.

"சரிதான் தாயி. நீ தள்ளு, பெட்டிய நிமித்தணும்."

கொஞ்சம் அவசரமாச் சொல்லிட்டாரு. அந்த அவசரந்தான் அவள மறுபடி குனிய வச்சுது. சக்கரத்துக்கு உள்பக்கம் மட்டும் எதுக்கு இவ்வளவு கிரீசு? பெருவிரலால தொடச்சா.

ஊதாவுல ஒரு பொட்டு.

அடுத்த ஜோடியத் தொடச்சா. ரெண்டு பொட்டு.

கெசியா நிமிந்து பாத்தா. கொம்பையா ஜன்னலப் பொறுக்குத மாதிரியே பக்கத்துல வந்து, அவளுக்கு மட்டும் கேக்க பேசுனாரு.

"உன் சக்கரத்தத் திருத்த நேரம் இல்ல. சொன்னா நீ கேக்கப் போறதும் இல்ல. கோப்பைய வாங்கிட்டு வாய மூடிக்கிட்டுப் போ தாயி."

தேவசிகாமணி சார் பேனாவத் தெறந்துட்டாரு.

"மொதப் பரிசு, கெசியா. அப்பொறம் ஏதோ புகார்னியேம்மா. பெட்டியில அடுத்தவங்க சாமான் இருந்தா வெளியன்னு. சொல்லு, யாரு மேல எழுத?"

கெசியா வெர்னியரப் பையில போட்டா. மண்டபத்துக்கே கேக்குத அதே கொரல்தான்.

"எம் மேலதான் சார். எழுதிக்கிடுங்க."