மாஸ்டரின் கை

டென்மார்க்கின் ஸ்கீவ ஊர் மைதானம், 1988 ஐப்பசி, சனிக்கிழமை முற்பகல். வெயில் இருக்கிறது, சூடுதான் இல்லை. அகதிப் பொடியளின் அணியும் ஊர் டெனிஷ்காரரும் உதைபந்து விளையாடுகிறார்கள். கோட்டோரத்தில் சூசைதாசன் மாஸ்டர் நிற்கிறார். மன்னாரில் ஒரு கல்லூரி அணியின் பின்வரிசையைப் பதினாறு வருடம் பழக்கியவர், இங்கே இறைச்சித் தொழிற்சாலையில் பெட்டி கழுவுகிறார். அவர் கை உயர்ந்தால் பின்வரிசை நால்வரும் ஒன்றாய் முன்னேறவேண்டும், பந்து தட்டப்படுமுன் அவர்களுக்குப் பின்னால் தனித்துப்போகும் எதிராளி ஓஃப்சைட் என்ற தவறில் மாட்டுவான். அந்த ஒரு வித்தைதான் அவரிடம் மிச்சம். வேலிக்கு அப்பால் தபால்காரன் சைக்கிளில் வருகிறான். மனைவி பிலோமினாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பத்துக்குப் பதினெட்டு மாதமாகப் பதில் இல்லை. கேட்டால் பொறு என்கிறார்கள். சொல்பவனுக்கு என்ன, பொறுக்கிறவன் அவனில்லையே. மாஸ்டர் தபால்காரனை நிறுத்தக் கையை உயர்த்துகிறார். நால்வரும் ஒன்றாய் முன்னே பாய்கிறார்கள். ஏற்கெனவே பந்தோடு நின்ற டெனிஷ் நெட்டையன் வெறும் வெளியால் ஓடிப்போய்க் கோல் அடிக்கிறான். “பந்து அவன்ரை காலிலயெல்லோ கிடந்தது! ஆருக்கு மாஸ்டர் கையைத் தூக்கினனீங்கள்?” என்று கத்துகிறான் நால்வரில் ஒருவனான றெஜி. தபால்காரன் சைக்கிளை நிறுத்தாமலே இல்லையென்று தலையை ஆட்டிவிட்டுப் போகிறான். மாஸ்டரின் கை இன்னும் இறங்கவில்லை. முன்னே ஏறுவதா பின்னே இறங்குவதா என்று தெரியாமல் நால்வரும் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.