பதினெட்டு யூனிட்காரர்

"என்ன மேகலா, இன்னிக்கும் எட்டு யூனிட்தானா?"

காம்பவுண்டு சுவருக்கு மேலே சிவசுப்பிரமணியனின் தலையும் செல்போனும் தெரிந்தன.

"எட்டுதான் சார். நீங்க சொன்ன மாதிரி விடியக்காலையிலயே மாடியேறி சோலார் பேனலைத் துடைச்சுட்டேனே!" என்றாள் பக்கத்து வீட்டு மேகலா, பியூட்டி பார்லர்காரி.

"எனக்குப் பதினெட்டு! ரெண்டு வூட்டுக்கும் ஒரே கம்பெனி, ஒரே நாள்ல மாட்டினது. எல்லாத்துக்கும் ஒரு ராசி வேணும்மா."

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற தெரு அது. காலையில் துடைத்தால் சாயந்திரம் புழுதி. மேகலா சலிக்காமல் துடைத்தாள். சிவசுப்பிரமணியனோ மாடிப்படியில் காலே வைத்ததில்லை. நாற்காலியில் சாய்ந்தபடி, செல்போனில் யூனிட் கணக்குக் காட்டும் சோலார் ஆப்பைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் ரிட்டயரான பிறகு அவருக்கு முழுநேர உத்தியோகம். அவள் துடைக்கத் துடைக்க எட்டு எட்டாகவே நின்றது. இவர் காலாட்டிக்கொண்டிருக்க, பதினாறு பதினெட்டானது. கரண்டு பில் மட்டும் குறையவில்லை. அதற்கு மீட்டர் பார்க்க வருபவரைப் பிடித்துக் காய்ச்சினார்.

தெரு நலச்சங்கத் தலைவரும் அவரேதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், தெருவிலேயே சோலாரில் அதிக மின்சாரம் எடுக்கும் வீட்டுக்குப் பொன்னாடை என்று அவரே அறிவித்தார். அதை வாங்கக் கடைக்கும் அவரே கிளம்பினார்.

"மேகலா, உனக்குத்தான் கலர் தெரியும். எது எடுக்கலாம்?"

"ரோஸ் எடுங்க சார்."

இந்த வயசில் ரோஸா என்று கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தாலும் எடுத்துவிட்டார். தெருமுனையில் அவர் படம் போட்ட ஃப்ளெக்ஸும் ஏறிவிட்டது.

சனிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. ஆப்பில் சைபர்!

நாளைக்கு அத்தனை பேர் முன்னால் ஆப்பைக் காட்ட வேண்டும், மானம் கப்பலேறிவிடுமே! பேனல் மாட்டிய வீரமணிக்குப் போன் மேல் போன் போட்டார்.

வந்தவன் மாடியேறினான். இறங்கும்போது உள்ளங்கை இரண்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"சார், மாட்டினதுலேர்ந்து ஒரு தடவைகூடத் துடைக்கலியா? புழுதி அப்பிக் கெடக்கு."

"அதை விடுப்பா. சைபர் ஏன் காட்டுது?"

போனை வாங்கிப் பார்த்த வீரமணி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"மேகலா அக்கா வேப்பந்தட்டைக்கு, அம்மா வூட்டுக்குப் போயிருக்காங்கல்ல? மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போயிருப்பாங்க. மெயின் இல்லாட்டி சோலாரும் நின்னுடும்."

"அவ மெயினை ஆஃப் பண்ணினா எனக்கு ஏண்டா சைபர்?"

"இது அவங்க வூட்டுக் கரண்டு சார். மாட்டின அன்னிக்கு அவசரத்துல, அவங்க வூட்டை உங்க போன்லயும் உங்க வூட்டை அவங்க போன்லயும் மாத்தி ஏத்திட்டேன். அந்த எட்டுதான் உங்களுது."

சிவசுப்பிரமணியன் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

"அடப்பாவி! யாருக்கும் தெரியறதுக்குள்ள மாத்திடுடா, உனக்குப் புண்ணியமாப் போவும்!"

வீரமணி தலையைச் சொறிந்தான்.

"அவங்க கரண்டு பில் குறைஞ்சப்பவே அக்காவுக்குத் தெரிஞ்சுபோச்சு சார். மாத்திடறேன்னேன். 'இப்ப வேணாம் தம்பி, ஞாயித்துக்கிழமை மைக்குல நானே சொல்லிக்கிறேன். எனக்கு எடுப்பா இருக்கும்னுதான் சாரை ரோஸ் எடுக்கச் சொல்லியிருக்கேன்'னாங்க!"