தம்மாம் லைன்

தொண்ணூற்றொன்று ஜனவரியின் ஒரு காலைப்பொழுது. கூத்தாநல்லூர்க் கடைத்தெருவில் டெலிபோன் பூத் மட்டும் திறந்திருக்கிறது. பனியில் வேர்த்திருக்கும் கண்ணாடிக் கதவுக்குள் ஹமீதா பானு ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறாள். மறுமுனையில் அவள் கணவன் யூனுஸ், சவூதியில், தம்மாம் நகரத்து அறையொன்றில் இருக்கிறான். குவைத்தைப் பிடித்துக்கொண்ட ஈராக் இப்போது சவூதியின் மேலும் ஏவுகணை விடுகிறது. "ஜன்னலுக்கெல்லாம் டேப் ஒட்டிட்டோம், பயப்படாதே" என்கிறான். "கிளம்பி வந்துடுங்களேன்." "ஏர்போர்ட் மூடிக் கெடக்கு. பாஸ்போர்ட் வேற கம்பெனிகிட்ட இருக்கு." அவன் பேச்சுக்குப் பின்னால் அபாயச் சங்கு ஊதத் தொடங்குகிறது. "என்னங்க அது?" "ஒண்ணுமில்ல. உம்மாகிட்ட நான் நல்லா..." என்பதோடு லைன் அறுந்துபோகிறது. கதவுக்கு வெளியே அவனுடைய உம்மா நிற்கிறாள். கண்ணாடியின் ஈரத்தை உள்ளங்கையால் துடைத்துவிட்டு மருமகளின் முகத்தையே பார்க்கிறாள். ஹமீதா ரிசீவரை வைக்கவில்லை. சிரித்த முகத்தோடு, வெளியே கேட்கும்படி, "சரிங்க. மாமி நல்லா இருக்காங்க. நீங்க வேளைக்குச் சாப்பிடுங்க" என்கிறாள். பூத்துக்காரர் முபாரக் மீட்டரைப் பார்க்கிறார். அதன் சிவப்பு எண்கள் ஓடாமல் நிற்கின்றன. அவர் தலையைக் குனிந்துகொள்கிறார். மாமி கதவைத் திறந்து கையை நீட்டுகிறாள். "நானும் ஒரு வார்த்தை பேசிக்கிறேம்மா." ஹமீதா ரிசீவரை அவசரமாக வைக்கிறாள். "அங்கே சுபுஹு நேரமாம் மாமி. தொழப் போயிட்டாங்க." "அல்ஹம்துலில்லாஹ்" என்று மாமி நிம்மதியாக முன்னால் நடக்கிறாள். மாமி திரும்பினாலும் தன் முகம் தெரியாத தூரத்தில், ஹமீதா தனியாகப் பின்னால் வருகிறாள்.