மனைவிக்குத் தனிக்கட்டணம் இல்லை

தனியார் மருத்துவக் காப்பீட்டின் புகழை ப்ரூனிங் பாடி முடிப்பதற்குள் பிளம் கேக்கில் இரண்டு துண்டு காலி.

காப்பீட்டு முகவருக்கு வாய்தான் மூலதனம். அவர் அதைச் சும்மா வைத்திருக்கவில்லை.

"சொந்தத் தொழில்னு இறங்கிட்டீங்க, இப்ப எதுக்குப் பொதுக் காப்பீடு? டாக்டருக்கு போன் பண்ணினா முதல் கேள்வி என்ன? பொதுக் காப்பீடா, தனியாரான்னுதானே? தனியார்னு சொல்லிப் பாருங்க, நாளைக்கே வாங்கம்பாங்க."

ரூடிகர் தலையாட்டினார். இருபது வருடம் கட்டட வரைபடம் போட்டுக் கொடுத்த நிறுவனம், இனி ஆள் வேண்டாம் என்று சொன்னபோதும் இப்படித்தான் தலையாட்டிவிட்டு வந்தார். அன்றிலிருந்து எதுவும் உறைக்கவில்லை.

தனியாருக்குப் போனால் அவருக்குப் பாதிக் கட்டணம்தான். ஆனால் மனைவி ஹைகேவுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். மூட்டுவாதத்துக்கு மாதாமாதம் ஊசி போட்டுக்கொள்ளும் அவளை எந்தத் தனியார் நிறுவனமும் கிட்டச் சேர்க்காது.

பொதுக் காப்பீட்டின் கட்டணம் கழுத்தை நெரிக்கும். ஆனால் வருமானம் இல்லாத மனைவி அதிலேயே அடக்கம். அவளுக்கென்று ஒரு செண்ட்கூடக் கட்ட வேண்டாம்.

ஐம்பத்து மூன்று வயதில் தனியார் பக்கம் போனால் அநேகமாகத் திரும்பி வர வழியில்லை. இன்றைக்கு முடிவு செய்தால் செய்ததுதான்.

ஹைகே இரண்டு வாரமாக ஒரே பாட்டு.

"பொதுவுலயே இரு, ரூடி. உனக்கு அதுதான் நல்லது."

அவர் சாப்பிட்டாரா தூங்கினாரா என்று பல வருடமாகக் கேட்காதவள் இந்த ஒரு விஷயத்தில் இவ்வளவு அக்கறை காட்டியது அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"பொதுவுலயே இருந்துக்கறேன்" என்றார்.

அதில் ப்ரூனிங்குக்குக் கமிஷன் கிடையாது. முகம் சுண்டிப்போனது. கேக் தின்ற தோஷத்துக்கு மடிக்கணினியைத் திறந்து விண்ணப்பத்தை நிரப்ப ஆரம்பித்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே முகவரிதானே?"

"ஆமா" என்றார் ரூடிகர்.

"இல்ல" என்றாள் ஹைகே.

இரண்டு பதிலும் ஒன்றாக வந்து விழுந்தன.

விண்ணப்பத்தில் பொய் சொல்ல எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாய் வராது. புருஷனிடம் இரண்டு வாரம் மறைக்கலாம், விண்ணப்பத்தில் முடியாது.

"ஒண்ணாம் தேதியிலேருந்து நான் தனியா ரோஸ்டாக் ஊர்ல இருப்பேன்" என்று அவள் ப்ரூனிங்கைப் பார்த்துச் சொன்னாள். "தங்கச்சி வீட்டுப் பக்கத்துலயே இடம் பார்த்தாச்சு."

பிறகு மேசையைப் பார்த்து, "கையெழுத்து ஆனதும் சொல்லலாம்னு இருந்தேன், ரூடி" என்றாள்.

ப்ரூனிங் விசைப்பலகையிலிருந்து விரல்களை எடுத்துக்கொண்டார். இவ்வளவு நேரம் ஓயாத வாய் இப்போது மெதுவாகத் திறந்தது.

"இன்னும் அனுப்பல. உங்க ஒருத்தருக்கு மட்டும்னா தனியார்தான் லாபம். மாத்திடட்டுமா?"

ஹைகே, கேட்கத் தனக்கு உரிமை இல்லை என்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

ரூடிகர் ப்ரூனிங் பக்கம் திரும்பினார்.

"வேற ஊர்ல இருந்தா அவளுக்கு இது செல்லாதா?"

"செல்லும். விவாகரத்து ஆகுற நாள் வரைக்கும்."

"அப்ப அப்படியே போடுங்க" என்றார் ரூடிகர். "முகவரிய மட்டும் அவகிட்ட கேட்டுக்கோங்க. எனக்குத் தெரியாது."