முன்வாசலில் நின்ற கோச்

முயல்களின் கால்பந்து அணி அன்றும் தோற்றது. வழக்கம்போல முயல்கள் பின்வாசல் வழியாக நழுவின. அவற்றின் கோச் கழுதை மட்டும் முன்வாசலில் போய் நின்றது. ஆட்டம் பார்க்க வந்த குரங்குகள் அழுகிய தக்காளியை அதன்மேல் எறிந்தன. கோபம் தீர்ந்ததும் கலைந்து போயின.

மறுநாள் கேப்டன் முயல் அணியைக் கூட்டியது. "ஊரே இவரைத்தான் அடிக்குது. அப்போ தப்பு இவர் மேலதானே? இவர் நமக்கு வேண்டாம்."

"நேத்து பந்து என் காலுக்கு நடுவுலதான் போச்சு" என்று கோல்கீப்பர் முயல் முனகியது. யாரும் காதில் வாங்கவில்லை. கழுதை கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி வைத்துவிட்டுப் போனது.

கோச் இல்லாமல் ஆடிய அடுத்த ஆட்டத்திலும் தோல்விதான். குரங்குகள் தக்காளிக் கூடைகளோடு எழுந்தன. முயல்கள் எட்டிப் பார்த்தன. முன்வாசலில் கழுதை நின்றுகொண்டிருந்தது.

"சார், உங்களைத்தான் நாங்க போகச் சொல்லிட்டோமே!" என்றது கேப்டன்.

கழுதை திரும்பிப் பார்க்கவில்லை.

"அது அவங்களுக்கு இன்னும் தெரியாது. நீங்க சீக்கிரம் பின்வாசலுக்கு ஓடுங்கப்பா."