பானெட் சூடு

பழைய காரின் இன்ஜின் காலைவாரிவிட்டதால், வேறொரு செகண்ட் ஹேண்ட் கார் பார்க்க அக்கா கணவரையும் கையோடு அழைத்து வந்திருந்தான் தம்பி.

அவர் பானெட்டில் கை வைத்தார். சுட்டது.

“நாங்க வர்றதுக்கு முன்னாடியே சூடாக்கி வச்சிட்டீங்களா?” என்று கார்க்காரரை மடக்கினார். “இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினா உள்ள இருக்கிற செயின் கடகடங்கும். சூடாயிட்டா சத்தமே வராது. இந்த மாடலுக்கே உள்ள வியாதி இது. யார்கிட்ட காது குத்தறீங்க?”

கார்க்காரர் தலைகுனிந்தார்.

“நீங்க இல்லேன்னா மறுபடியும் ஏமாந்திருப்பேன் மாமா!” என்ற தம்பி, பானெட்டைத் தானும் தொட்டுப் பார்த்தான்.

“அந்தப் பழைய காரை உங்ககிட்ட வாங்க வந்த அன்னிக்கும் இப்படித்தான் சுட்டுச்சு. வெயில்னு நெனச்சுட்டேன், மாமா.”

கார்க்காரர் நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார்.