சுஷிக் கடையில் பெண் பார்த்தல்

படமே வேண்டாம், நேரில் பார்க்கிறேன் என்று வீறாப்புப் பேசிவிட்டு, சுஷிக் கடையின் டார்னெய்ட் கிளைக்குப் பெண் பார்க்கப் போனான் செந்தூரன். மூலை மேசையில் ஒரு தமிழ்ப் பெண் தனியாக இருந்தாள்.

“எனக்காகத்தானே காத்துக்கொண்டு இருக்கிறியள்?” என்று கேட்டான்.

“ஓம், இருங்கோ.”

சுழன்று வந்த தட்டிலிருந்து சால்மன் மீன் துண்டைக் குச்சிகளால் தூக்கினான். அது சோயா சோஸுக்குள் குதித்து அவன் சட்டையை நனைத்தது. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஆறாவது தட்டில் அவன் மனதுக்குள் கல்யாணத்துக்கு நாளே குறித்துவிட்டான்.

போன் அடித்தது. அம்மாவின் குரல் மேசை முழுக்கக் கேட்டது.

“டேய், எங்க நிக்கிறாய்? பொம்பிளை ட்ருகனினாக் கிளையிலயடா! அங்க ஆரோ பெடியனோட சிரிச்சுச் சிரிச்சுச் சாப்பிடுறாளாம்!”

எதிரே இருந்தவள் ஏழாவது தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

“அது எனக்குப் பாத்த மாப்பிளையா இருக்கும். நீங்கள் சாப்பிடுங்கோ.”